இனிப்புக் கடை மவுசும் வாடகை ஒப்பந்தமும்

சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

சில வாரங்களாக நமக்குள் போய்வரும் மடல்களில் பல, கடைகளைப் பற்றியவையாக இருக்கின்றன. தம் வீட்டருகே நெடுநாள் நடந்த உணவகம் மூடப்பட்டதை ஒருவர் வருத்தத்தோடு எழுதினார். புதிதாகத் திறந்த ஓர் இனிப்புக் கடையின் வாசலில் நின்ற வரிசையை இன்னொருவர் படமெடுத்து அனுப்பினார். அந்தப் படத்தைப் பார்த்த தம்பிகள் சிலர், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு நாமும் அப்படியொரு கடையைத் தொடங்கினால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். சிறு உணவகங்களுக்கும் பேக்கரிகளுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால், அவர்களுக்கு விரிவாகவே பதில் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுமைக்காக ஓடும் இனிப்புக் கடைகள் கவிழ்வதற்குச் சுவைக் குறைவு பெரும்பாலும் காரணமாவதில்லை. ஓராண்டு, மிஞ்சினால் ஈராண்டில் தணிந்துவிடும் மவுசை நம்பி ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதே அவற்றைக் கவிழ்க்கிறது.

உணவகத் தொழிலில் இறங்குபவரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முதலாண்டிலேயே கடையை மூடிவிடுகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். பல ஆண்டுகளாகப் பலர் வாயில் புழங்கிவரும் கணக்குதான் இது, ஆனால் உண்மை அன்று. எச். ஜி. பார்சாவும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரத்து உணவகங்களை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட கட்டுரையில், முதலாண்டில் மூடப்பட்டவையும் கைமாறியவையும் சேர்ந்தே ஏறத்தாழ 26 விழுக்காடுதான் என்றும், மூன்றாண்டு முடிவில்தான் அது 60 விழுக்காட்டை நெருங்குகிறது என்றும் காட்டினார்கள். மூடியவர்களை விசாரித்தபோது, குடும்பத்துக்கு நேரம் ஒதுக்க முடியாத நெருக்கடியும் காரணங்களுள் ஒன்றாக அடிபட்டது. நன்றாக ஓடிய கடைகளும் இப்படி மூடப்படுகின்றன. ஒப்பந்தம் முடிந்து கட்டட உரிமையாளர் வாடகையை ஏற்றியிருப்பார், கட்டடம் இடிபடவிருக்கும், கடைக்காரருக்கு வயதாகி, பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போயிருப்பார்கள். ஆகவே பூட்டிய கதவைப் பார்த்ததும் உள்ளே நட்டம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

இனிப்புக் கடையின் கதை இதிலிருந்து சற்று வேறானது. முழு உணவகத்துக்குப் பெரிய சமையற்கட்டும், புகையை வெளியேற்றும் குழாய் அமைப்பும், கைதேர்ந்த சமையற்காரரும், நீண்ட விலைப்பட்டியலும் தேவை. ஒரே ஒரு பண்டத்தை விற்கும் இனிப்புக் கடைக்கு ஓரிரு இயந்திரங்களும், சில நாட்களில் பழக்கிவிடக்கூடிய ஆட்களும், ஒடுங்கிய ஓர் இடமும் போதும். தம்பிகளை ஈர்ப்பதும் இந்த எளிமைதான். ஆனால் நமக்கு எளிதாக இருப்பது அடுத்த தெருக்காரருக்கும் எளிதாகவே இருக்கும். கூட்டத்தைப் பார்த்து நாம் இயந்திரம் வாங்க நினைக்கும் அதே வாரத்தில் இன்னும் பலர் அதே இயந்திரத்துக்கு விலை கேட்டுக்கொண்டிருப்பார்கள். நம் கடைக்கு வேலை முடிந்து கதவு திறக்கும்போது, அந்த வட்டாரத்தில் அதே பண்டத்துக்குப் பல கடைகள் இருக்கும். ஆனால் அதைத் தின்ன விரும்பும் கூட்டம் அந்த அளவுக்குப் பெருகியிருக்காது.

இதற்குத் தைவானில் நடந்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. சீனக் கடற்கரையிலுள்ள மக்காவு நகரத்தின் கொலோவான் பகுதியில் ஆண்ட்ரூ ஸ்டோ என்ற ஆங்கிலேயர் 1989-இல் ஒரு பேக்கரியைத் தொடங்கினார். அடுக்கடுக்காக மடித்த மாவுக் கிண்ணத்தில் முட்டைக் கரு, பால், சர்க்கரைக் கலவையை ஊற்றி, மேற்பரப்பு ஆங்காங்கே கருகும் வரை சுடும் போர்த்துக்கீசிய முட்டை டார்ட்டுக்கு அவர் தம் கைப்பக்குவத்தில் ஒரு வடிவம் கொடுத்தார். 1990-களின் பிற்பகுதியில் அது தைவானுக்குப் போனதும் மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். வேறு தொழிலில் இருந்தவர்கள்கூட அடுப்பு வாங்கிக் கடை போட்டார்கள். கொஞ்ச காலத்துக்குள் கடைகள் மிகுந்து, விலை இறங்கி, தரம் கெட்டு, திறந்த வேகத்திலேயே அவை மூடின. ஒருவரைப் பார்த்து ஒருவர் கடை போட்டு ஒன்றாகக் கவிழும் போக்குக்கு அந்த டார்ட்டின் பெயரையே வைத்துப் பேசும் வழக்கம் தைவானில் இன்றும் இருக்கிறது. இதில் நம் தம்பிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது மற்றொன்று: அந்தப் பண்டம் தோற்கவில்லை. ஸ்டோ 2006-இல் காலமான பின்பும் அவருடைய பேக்கரி கொலோவானில் அதே டார்ட்டைச் சுட்டு விற்றுக்கொண்டிருக்கிறது. தோற்றவர்கள், உச்சத்தில் கடை பிடித்தவர்கள்.

உச்சத்தில் நுழைபவருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. பழக்கத்தால் வருபவர் ஒரு கெட்ட செய்தியைப் பொறுத்துக்கொள்வார். புதுமைக்காக வருபவர் பொறுக்க மாட்டார். ஜெர்மனியில் பபிள் டீக் கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்திருந்த 2012-இல், அதிலுள்ள மரவள்ளி மாவு உருண்டைகளில் தீங்கான பொருள்கள் இருப்பதாக அந்நாட்டின் ஆகன் நகரத்திலிருந்து ஒரு செய்தி பரவியது. பின்னர் நடந்த சோதனைகள் அந்த அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை, ஆனால் அதற்குள் வாடிக்கையாளர் போய்விட்டார்கள். கடைகள் வரிசையாக மூடின. தென்கொரியாவில் தைவான் காஸ்டெல்லா கேக் கடைகளுக்கு நேர்ந்ததும் இதுவே. பறவைக் காய்ச்சலால் முட்டை விலை ஏறியிருந்த நேரத்தில், அந்த கேக்கில் சமையல் எண்ணெய் மிகுதியாகச் சேர்க்கிறார்கள் என்று 2017 மார்ச்சில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி காட்டியது. அவ்வகை கேக்குகளில் எண்ணெய் சேர்ப்பது வழக்கமே என்று பேக்கரிக்காரர்கள் விளக்கியும் பயன் இல்லை. அங்கேயே 2023-இல் பழங்களைச் சர்க்கரைப் பாகில் தோய்த்த தங்ஹுலு கடைகள் பெருகி, அடுத்த ஆண்டிலேயே பல மூடப்பட்டன.

பெரிய முதலீடு இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு கிரம்ஸ் என்ற அமெரிக்க கப்கேக் நிறுவனத்தைச் சுட்டலாம். 2003-இல் நியூயார்க்கில் ஒரு கடையாகத் தொடங்கி, கப்கேக் மவுசு ஏறிய காலத்தில் கிளைகளைப் பெருக்கி, 2011-இல் நாஸ்டாக் பங்குச் சந்தை வரை சென்ற அந்த நிறுவனம், 2014 ஜூலை 7-ஆம் நாள் தன் கடைகள் அனைத்தையும் ஒரே நாளில் மூடியது. பின்னர் வேறு முதலீட்டாளர்கள் சில கடைகளைத் திறந்து பார்த்தார்கள் என்றாலும், பழைய நிலை திரும்பவில்லை. விற்பனை குறைந்தால் மாவையும் வெண்ணெயையும் குறைத்து வாங்கலாம். கிளைகளின் வாடகையை அப்படிக் குறைக்க முடியாது.

இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டவர் டொமினிக் ஆன்செல் என்ற பேக்கரிக்காரர். குரோசாண்ட் மாவைப் போல அடுக்கிய மாவை டோனட் வடிவில் பொரித்து, 2013 மே 10-ஆம் நாள் நியூயார்க்கில் அவர் விற்கத் தொடங்கிய குரோனட்டுக்கு விடியற்காலையிலேயே மக்கள் வரிசை கட்டினார்கள். பெயரைப் பதிவு செய்துகொண்ட அவர், அந்தக் கூட்டத்தைப் பார்த்து ஊரெங்கும் குரோனட் கடைகளைத் திறந்துவிடவில்லை. நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்து, மாதத்துக்கொரு சுவையாக மாற்றிக்கொண்டே வந்தார். அவருடைய பேக்கரி 2011 முதலே பல பண்டங்களோடு நடந்துவந்தது என்பதை மறக்கக் கூடாது. குரோனட்டுக்காக வந்தவர்கள் அங்கே வேறு எதையாவதும் வாங்கிச் செல்ல வழி இருந்தது. ஒரே பண்டத்தை நம்பித் திறக்கும் கடைக்கு அந்த வசதி இல்லை.

பிஸ்தாக் கலவை நிரப்பிய துபாய் சாக்லேட்டுக்குக் கடை போடலாம் என்ற யோசனையையும் பார்த்தேன். 2021-இல் தொடங்கிய ஒரு சிறு நிறுவனத்தின் பண்டம், 2023-இன் இறுதியில் வந்த ஒரு காணொளியால் உலகமெங்கும் பேசப்பட்டு, 2024-இல் லிண்ட் போன்ற பெரு நிறுவனங்களின் தயாரிப்பாகவே வெளிவந்துவிட்டது. 2025-இல் பிஸ்தாப் பருப்பின் விலையும் ஏறியது. பேரங்காடியின் தட்டில் கிடைக்கும் ஒன்றுக்காகத் தனிக் கடை தேடி வருபவர் எத்தனை பேர் இருப்பார்கள்? இதற்குமேல் இந்த யோசனையைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை.

மவுசு ஒருமுறை போனால் திரும்பாது என்றும் நான் சொல்லவில்லை. தயிரை ஐஸ்கிரீம் போல உறையவைத்து விற்கும் உறைதயிர்க் கடைகள், டிசிபிஒய் நிறுவனம் தொடங்கிய 1980-களில் ஒருமுறை அமெரிக்காவில் பெருகித் தணிந்தன. 2005-இல் பிங்க்பெரி என்ற நிறுவனம் வந்தபின் புளிப்புச் சுவையோடு மறுபடி பெருகின. ஆனால் முதல் அலையில் கடை போட்டுக் கடனாளியானவருக்கு இரண்டாம் அலை எந்த வகையிலும் உதவாது.

இனிக் கணக்குப் புத்தகத்தில் நான் காண்பதைச் சொல்கிறேன். இத்தகைய கடையின் தளர்ச்சி சனிக்கிழமை வரிசையில் தெரியாது. செவ்வாய், புதன்கிழமை ரசீதுகளில்தான் முதலில் தெரியும். வார இறுதிக் கூட்டம் அப்படியே இருக்க, வார நாட்களின் பிற்பகல் ரசீதுகளுக்கு இடையே இருக்கும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். உரிமையாளர் சனிக்கிழமை கல்லாவில் நின்று பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருப்பதாக நம்புவார். அடுத்துப் பட்டியல் நீளத் தொடங்கும்: முதலில் காப்பி, பிறகு வாஃபிள், பிறகு காரப் பண்டங்கள். ஒவ்வொன்றுக்கும் புதுச் சரக்கும் புது இயந்திரமும் வாங்க வேண்டியிருப்பதால் செலவு ஏறும், வந்தவருக்கோ இது என்ன கடை என்பதே குழம்பும். என்னிடம் கணக்குக் கொடுத்திருந்த ஒரு கடையின் பின்னறையில், விற்பதை நிறுத்திவிட்ட ஒரு பண்டத்தின் பெயரும் படமும் அச்சிட்ட காகிதக் கோப்பைகள் கூரை வரை பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டிருந்தன. மொத்தமாக அச்சடித்தால் மலிவு என்று விற்பனையின் உச்சத்தில் வாங்கியவை அவை. அந்தக் கோப்பைகளை வாங்கிய விலையிலேயே இருப்புக் கணக்கில் காட்டியிருந்தார்கள். அவற்றைத் தள்ளுபடி செய்து எழுதியபோது அந்த ஆண்டின் இலாபமே காணாமற் போய்விட்டது.

தொழிலில் உள்ளவர்கள் வாடகை விற்பனையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றும், மூலப்பொருளும் கூலியும் சேர்ந்து அறுபது, அறுபத்தைந்து விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும் என்றும் பொதுவாகச் சொல்வார்கள். உச்சக் காலத்து விற்பனையை வைத்துக் கணக்கிட்டால் எந்த இடத்தின் வாடகையும் மலிவாகத்தான் தெரியும். அந்த விற்பனை பாதியாகும்போது அதே வாடகை ஐந்தில் ஒரு பங்காகிவிடும்; அதற்குப் பின் எவ்வளவு உழைத்தாலும் மிச்சம் நிற்காது. ஃபிரான்சைஸ் எடுத்து, அதாவது ஒரு நிறுவனத்தின் பெயரில் கிளை நடத்தும் உரிமையைப் பெற்று, கடை வைப்பவர்களுக்குச் சுமை இன்னும் கூடுதல். அங்கே அந்தப் பெயருக்காகக் கட்டும் ராயல்டி பெரும்பாலும் விற்பனையின் மீது கணக்கிடப்படுவதால், நட்டத்தில் ஓடும் மாதத்திலும் அதைக் கட்டியாக வேண்டும். பெரும்பாலும் விளம்பரப் பங்கும் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். பெயரைக் கொடுத்தவர் மவுசு ஏறும்போதே நுழைவுக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு விடுகிறார். அவருக்குக் காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வழி இருக்கிறது, கிளை எடுத்தவருக்கு அது இல்லை.

ஆகவே தம்பிகள் பண்டத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இடையில் விலகிக்கொள்ளும் உரிமை இருக்கிறதா, இருந்தால் எத்தனை மாத முன்னறிவிப்பில்? மீதிக் காலத்தை வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்க உரிமையாளர் சம்மதிப்பாரா? காலி செய்யும்போது இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு யாருடையது? எல்லாவற்றுக்கும் மேலாக, தனிப்பட்ட பிணை கேட்கிறார்களா? கம்பெனி பெயரில்தானே ஒப்பந்தம், நட்டம் கம்பெனியோடு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பிணைப் பத்திரத்தில் கையெழுத்திட்டவரின் வீடும் சேமிப்பும் அந்த ஒப்பந்தத்துக்குள் வந்துவிடுகின்றன. கூட்டாகப் பணம் போடும்போது கையெழுத்திடுபவர் ஒருவராகவே இருந்தால், கடை மூடிய பின் உறவும் கெடும். நமக்குள் அப்படி நேர்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

கடை வைத்தே தீர வேண்டும் என்ற ஆர்வம் இருப்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. வார இறுதிச் சந்தைகளில் மேசை பிடித்தோ, நடந்துவரும் ஒரு பேக்கரியின் ஒரு மூலையைச் சில மாதங்களுக்கு வாடகைக்கு எடுத்தோ தொடங்கலாம். இயந்திரத்தைப் புதிதாக வாங்காமல், மூடிய கடைகளின் சாமான்கள் ஏலத்துக்கு வரும் இடங்களில் பார்க்கலாம். முதன்முறை வருபவரின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, இரண்டாம் முறை, மூன்றாம் முறை வருபவர் யார் என்று எழுதிவைத்து, அவர்களைக் கொண்டு மட்டும் வாடகை கட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும்.

அந்த வரிசையின் படத்தை அனுப்பிய உறவினரிடம் ஒரு வேண்டுகோள்: அதே கடைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் சென்று, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் வாங்கிச் செல்கிறார்கள் என்று எண்ணி எழுதுங்கள். தம்பிகள் பார்த்துவைத்திருக்கும் இடத்தின் ஒப்பந்த வரைவையும், உரிமையாளரின் பெயரை மறைத்துவிட்டு, எனக்குத் தனி மடலில் அனுப்பிவையுங்கள்; பத்தி பத்தியாகக் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புகிறேன். யாரும் அதற்குமுன் முன்பணம் கொடுத்துவிட வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சங்க உறுப்பினர்