அத்தையின் சுற்றுலா விசா 10 நாள் தாண்டிவிட்டது: எங்கே கட்டுவது, எவ்வளவு கட்டுவது?

போகவந்தலாவ பையன்
13 ஜூன் 2025, வெள்ளி, இரவு 7.40

வணக்கம். அவசர உதவி வேண்டும்.

அப்பாவின் அக்கா கோத்தகிரியில் இருந்து எங்களைப் பார்க்க வந்திருக்கிறார். மலையகத் தமிழரை இரண்டு நாட்டுக்கும் பிரித்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, 1973 இல் தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர். அங்கே டேன்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றார். 52 வருடம் கழித்து இப்போதுதான் முதல் தடவையாக வருகிறார். இந்திய பாஸ்போர்ட்டில், ஈடிஏ (இணையத்தில் முன்கூட்டியே எடுக்கும் பயண அனுமதி) எடுத்து மே 5 ஆம் தேதி கட்டுநாயக்கவில் இறங்கினார். ஜூன் 1 திரும்ப டிக்கெட் இருந்தது.

மே 26 அன்று தான் பிறந்த லயத்தை, தோட்டத்து வரிசை வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். மழை பெய்து படி பாசி பிடித்திருந்தது, வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்துவிட்டது. ஆறு நாள் ஆஸ்பத்திரி. மாவுக்கட்டுப் போட்டு, மூன்று வாரத்துக்குப் பயணம் வேண்டாம் என்று டாக்டர் எழுதித் தந்தார். டிக்கெட்டை ஜூன் 19 க்கு மாற்றினேன். ஈடிஏ தாளில் நவம்பர் தேதி போட்டிருந்ததால் அதுவரை இருக்கலாம் என்று நம்பிவிட்டேன். நேற்று நண்பன் ஒருவன் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முத்திரைப்படி ஜூன் 3 உடன் முடிந்துவிட்டது என்கிறான்.

இப்போது ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஏர்போர்ட்டிலேயே பிடித்து மிரிஹான முகாமில் போட்டுவிடுவார்கள் என்கிறார் பக்கத்து லயத்து மாமா. ஹட்டனில் ஒரு தரகர் 60,000 ரூபாயும் பாஸ்போர்ட்டும் கொடுத்தால் உள்ளே ஆள் வைத்து முடித்துத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர், இந்த ஓவர்ஸ்டே காசே சட்டத்தில் இல்லை, ஒன்றும் கட்ட வேண்டாம் என்கிறார். எது உண்மை? இந்த மண்ணில் பிறந்தவர் என்பதற்கு ஏதாவது சலுகை உண்டா? அத்தை இரவெல்லாம் தூங்காமல் அழுகிறார். தயவுசெய்து தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எல்ல ஹோம்ஸ்டே
13 ஜூன், இரவு 8.15

தம்பி, முதலில் பாஸ்போர்ட்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் எல்லயில் எட்டு வருடமாக அறை வாடகைக்கு விடுகிறேன். உங்களுக்கு நடந்த குழப்பம் வெள்ளைக்காரர்களுக்கும் நடக்கிறது. ஈடிஏ தாளில் இருப்பது நாட்டுக்குள் நுழைவதற்கான கெடு. ஆறு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வந்து இறங்கலாம் என்பதுதான் அதன் பொருள். இறங்கிய பிறகு எத்தனை நாள் தங்கலாம் என்பதை முத்திரைதான் சொல்லும். சாதாரணமாக 30 நாள். அதுவும் ஒரு மாதம் இல்லை, 30 நாள். மே 5 ஐ முதல் நாளாக எண்ணினால் ஜூன் 3 முப்பதாவது நாள்.

2022 கடைசியில் வந்த வர்த்தமானிப்படி, 7 நாளுக்குள் என்றால் விசாக் கட்டணம் மட்டும், தண்டம் இல்லை. 7 இல் இருந்து 14 நாள் வரை 250 அமெரிக்க டொலர். 14 நாளைத் தாண்டினால் 500 டொலர். இரண்டுக்கும் மேலே விசாக் கட்டணம் தனி. போன வருடம் என்னிடம் தங்கிய ஒரு ஜெர்மன்காரப் பெண் 5 நாள் தாண்டிவிட்டார். கட்டுநாயக்கவில் விசாக் கட்டணத்தைக் கட்டிவிட்டு அதே விமானத்தில் போனார். யாரும் பிடித்து அடைக்கவில்லை.

நாட்களை எண்ணிப் பாருங்கள். இன்றைக்குப் பத்தாவது நாள். 19 ஆம் தேதி ஏர்போர்ட்டுக்குப் போனால் பதினாறாவது நாள். அதற்குள் தொகை இரண்டு மடங்காகிவிடும்.

போகவந்தலாவ பையன்
13 ஜூன், இரவு 8.32

அண்ணே, டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 250 என்பது 75,000. 500 என்றால் ஒன்றரை லட்சம். அம்மா இன்னும் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிறார், ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 1,350 ரூபாய். 75,000 க்கே 56 பேர் போட வேண்டும். கிலோ குறைந்து அரைப் பேர் விழுந்தால் இன்னும் கூடும். அதனால்தான் இந்தத் தண்டம் உண்மையிலேயே சட்டப்படியானதா என்று கேட்கிறேன். கட்ட வேண்டியதென்றால் கடன் வாங்கியாவது கட்டுவேன். தேவையில்லாததைக் கட்ட வழி இல்லை.

நுவரெலியா குமாஸ்தா
13 ஜூன், இரவு 9.50

சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கேள்வி நியாயமானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை, பொது நிதியின் மீதான கட்டுப்பாடு பாராளுமன்றத்துக்கே என்கிறது. ஒரு சட்டத்தாலோ சட்டம் தந்த அதிகாரத்தாலோ அன்றி எவரும் வரியோ வேறு அறவீடோ விதிக்க முடியாது. ஆகவே ஓர் அதிகாரி மேசையில் உட்கார்ந்துகொண்டு தன் விருப்பத்துக்கு ஒரு தொகையைச் சொல்ல முடியாது. அதே நேரம், 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் ஒழுங்குவிதிகள் செய்யும் அதிகாரத்தை அமைச்சருக்குத் தந்திருக்கிறது. விசாக் கட்டணமும் இந்தத் தண்டமும் அப்படிச் செய்து வர்த்தமானியில் வெளியிட்டவை. ஆகையால் அது சட்டத்தில் இல்லை என்பது பிழை. கட்டத்தான் வேண்டும்.

ஊரில் மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். தங்கிய காலத்துக்கான விசாக் கட்டணம் ஒன்று. தாண்டிய நாளுக்குக் குடிவரவுத் திணைக்களம் அறவிடும் தண்டம் இன்னொன்று. இவை இரண்டுக்கும் நீதிமன்றம் தேவையில்லை, கருமபீடத்தில் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குவதோடு முடியும். மூன்றாவதுதான் வழக்கு. விசா இல்லாமல் தங்குவது அந்தச் சட்டத்தில் குற்றமும் கூட. நீதவான் தண்டனை விதிக்கலாம், நாடு கடத்தப்படவும் நேரலாம். தானாக முன்வந்து பணத்தைக் கட்டி விசாவைச் சரிசெய்யும் வயதான நோயாளிக்கும், வருடக்கணக்கில் ஒளிந்து வியாபாரம் செய்பவருக்கும் வித்தியாசம் உண்டு. அத்தை முன்வர வேண்டும். ஒளித்து வைத்தால் அந்த வித்தியாசம் போய்விடும்.

தரகர் கேட்கும் 60,000 இந்த மூன்றிலும் சேராது. பற்றுச்சீட்டு வராத காசு அரசாங்கத்துக்குப் போகாது. அதைக் கொடுத்தாலும் அத்தையின் ஓவர்ஸ்டே அப்படியே இருக்கும், கூடவே லஞ்சம் கொடுத்த குற்றமும் சேரும்.

அரசாங்கம் சொல்வதெல்லாம் சரியா என்றால், இல்லை. 2022 பெப்ரவரி முதல் நீட்டிப்பு பெற்று இங்கே இருந்த ரஷ்ய, உக்ரேனியப் பயணிகளை 2024 பெப்ரவரியில் இரண்டு வாரத்துக்குள் வெளியேறச் சொல்லி அறிவித்தல் போனது. அமைச்சரவை அனுமதி இல்லாமல் போனது எப்படி என்று ஜனாதிபதி அலுவலகமே விசாரிக்கச் சொன்னது. அதே வருடம் விசா வழங்கும் வேலையை வெளியாருக்குக் கொடுத்த ஏற்பாட்டை ஓகஸ்ட் 2 இல் உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. செப்டெம்பர் கடைசியில் பழைய ஈடிஏ திரும்ப வந்தது. ஒழுங்குவிதி சட்டத்தை மீறுகிறது என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கலாம். அடிப்படை உரிமை மீறல் என்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். 12 ஆம் உறுப்புரையின் சமத்துவம் ‘எல்லா ஆட்களுக்கும்’ என்று இருக்கிறது, பிரசைகளுக்கு மட்டும் இல்லை. அத்தைக்கும் அது பொருந்தும். ஆனால் 250 டொலருக்காக அந்தப் பாதையில் இறங்கச் சொல்ல மாட்டேன்.

பிறந்த மண் பற்றிக் கேட்டீர்கள். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை தந்தது, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழிவந்தவர்களுக்கும்தான். இந்தியப் பிரசையாகி 1973 இல் போனவருக்கு அது உதவாது. இதை எழுதும்போது எனக்கும் மனம் கனக்கிறது. என் பாட்டியின் தம்பி, தங்கை எல்லாரும் அப்படிப் போனவர்கள்தான். அந்த ஒப்பந்தம் 525,000 பேரை அங்கே, 300,000 பேரை இங்கே என்று எண்ணிப் பிரித்தது. மீதி ஒன்றரை லட்சத்தை 1974 இல் பாதிப்பாதியாகப் பங்கு போட்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

கொட்டகலை டீச்சர்
13 ஜூன், இரவு 10.20

தம்பி, நாளை சனி, மறுநாள் ஞாயிறு. திங்கள் 16 ஆம் தேதி பதின்மூன்றாவது நாள். திங்களே பத்தரமுல்ல சுகுருபாயவில் இருக்கும் குடிவரவு குடியகல்வுத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். 19 வரை காத்திருக்க வேண்டாம். அங்கே தண்டத்தையும் கட்டணத்தையும் கட்டி விசாவை நீடித்துக்கொண்டால் அத்தை ஒழுங்கான விசாவோடு விமானம் ஏறலாம். சுற்றுலா விசாவை ஆறு மாதம் வரை நீடிக்க முடியும். ஜூன் 3 க்கு முன்பு என்றால் வீட்டில் இருந்தே இணையத்தில் விண்ணப்பித்திருக்கலாம், தண்டமே வந்திருக்காது. இப்போது நேரில்தான் போக வேண்டும். கண்டியில் பாஸ்போர்ட் அலுவலகம் இருக்கிறதே என்று அங்கே போய் ஒரு நாளை வீணாக்காதீர்கள்.

டாக்டர் கடிதம், ஆஸ்பத்திரி டிக்கெட், பழைய விமான டிக்கெட், புது டிக்கெட், உங்கள் அடையாள அட்டைப் பிரதி, அத்தையின் படம் எல்லாம் ஒரு கோப்பில் வையுங்கள். ஜூன் 1 திரும்ப டிக்கெட் இருந்தது, மே 26 விழுந்தார் என்பதுதான் உங்கள் பலம். தங்கிவிடும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை என்பதை அந்த இரண்டு தேதியும் சொல்லும். நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, தண்டத்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். குறைப்பார்கள் என்று வாக்குத் தர முடியாது. தமிழிலேயே எழுதலாம், தமிழும் அரச கரும மொழிதான். போகுமுன் 1962 க்கு அழைத்து நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலோடு பஸ்ஸில் கொண்டு போகாதீர்கள். கித்துல்கல வளைவுகளில் நல்ல காலோடு இருப்பவர்களுக்கே முடியாது. வேன் பிடியுங்கள், பின்சீட்டில் காலை நீட்டி வையுங்கள்.

கூடலூர் அண்ணன்
14 ஜூன், காலை 6.05

நான் இந்தப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பம் 1970களில் மஸ்கெலியாவில் இருந்து வந்தது. இந்த ஈடிஏ தேதிக் குழப்பம் எங்கள் ஊரிலும் நடந்திருக்கிறது. படித்த பிள்ளைகளே தவறாகப் படித்துவிடுகிறார்கள், அதனால் தம்பி, உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள்.

என் அம்மா 2023 இல் அங்கே தங்கை வீட்டுக்குப் போய் 9 நாள் தாண்டிவிட்டார். தண்டம் கட்டினோம். அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பித்தோம், ஈடிஏ கிடைத்தது, போய் வந்தார். அத்தையிடம் இதைச் சொல்லுங்கள். பணத்தைவிட, இனி வரவே விடமாட்டார்களோ என்ற பயம்தான் அவரை அழ வைக்கும். என் அம்மா அப்படித்தான் அழுதார்.

கண்டியில் இந்திய உதவித் தூதரகம் இருக்கிறது. பாஸ்போர்ட் தொலைந்தால், காலாவதியானால் அங்கே போகலாம். இலங்கை விசாவை அவர்கள் நீடிக்க முடியாது.

போகவந்தலாவ பையன்
16 ஜூன், திங்கள், இரவு 9.10

எல்லாருக்கும் நன்றி. முடிந்துவிட்டது.

அதிகாலை 2 மணிக்கு வேனில் கிளம்பினோம். வாசலில் காவலாளி ஒருவர் வீல்செயார் கொண்டுவந்து தந்தார். கருமபீடத்தில் இருந்த அம்மா முத்திரையையும் டாக்டர் கடிதத்தையும் பார்த்தார், தேதிகளை விரலால் எண்ணினார். 13 நாள் என்று எழுதினார். தண்டத்தைக் குறைக்கக் கேட்ட கடிதத்தை மேலே ஓர் அதிகாரியிடம் அனுப்பினார்கள். ஒரு மணி நேரம் கழித்து, முடியாது என்று வந்தது. 250 டொலரும் விசாக் கட்டணமும் கட்டினேன். பற்றுச்சீட்டு தந்தார்கள். ஜூலை வரை நீடித்துவிட்டார்கள். மிரிஹான பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தரகர் மத்தியானம் போன் எடுத்து 45,000 க்கு இறங்கி வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டீச்சர், ஒரு விஷயம். விண்ணப்பப் படிவத்தில் ‘பிறந்த இடம்’ என்ற வரிக்கு வந்ததும் அத்தை பேனாவை என்னிடம் இருந்து வாங்கிக்கொண்டார். போகவந்தலாவ என்று அவர் கையாலேயே தமிழில் எழுதினார். ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று கருமபீடத்து அம்மா சொன்னார், நான் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அத்தை எழுதியதை அவர் அடிக்கவில்லை.

எல்ல ஹோம்ஸ்டே
16 ஜூன், இரவு 9.34

நல்லது தம்பி. பற்றுச்சீட்டை பாஸ்போர்ட்டுக்கு உள்ளேயே வைத்து 19 ஆம் தேதி கையோடு கொண்டு போகச் சொல்லுங்கள். ஒரு பிரதி உங்களிடமும் இருக்கட்டும். மாவுக்கட்டோடு பறக்கலாம் என்று டாக்டரிடம் ஒரு கடிதமும், விமானத்துக்கு வீல்செயாரும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

போகவந்தலாவ பையன்
16 ஜூன், இரவு 9.41

சரி அண்ணே. நாளைக்கே டாக்டரைப் பார்க்கிறேன். ஜூலை வரை விசா இருக்கிறதே, டிக்கெட்டை இன்னும் பத்து நாள் தள்ள முடியுமா என்று அத்தை இப்போது கேட்கிறார். அப்பா விமானக் கம்பெனிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.