உறுப்பு மண்டலச் செயல்திட்டம்: மாடலா, சோதனையா?

சாக்பீஸ்:
ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஆண்டு இறுதிச் செயல்திட்டம் மனித உறுப்பு மண்டலங்கள். போன வருஷம் வந்ததில் பாதிக்கு மேல் தெர்மாகோல் இதயம். ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் நீலம், குண்டூசியில் குத்திய பெயர்ச்சீட்டு. "இடது கீழறைச் சுவர் மட்டும் ஏன் தடிமன்?" என்று கேட்டால் செய்து கொண்டுவந்த பிள்ளையே திருதிருவென முழிக்கிறது. இந்த முறை மாடலே வேண்டாம், ஆளுக்கொரு கேள்வி எடுத்து அளந்து எழுதி வாருங்கள் என்று சொல்லிவிடலாமா?

பசைக்குப்பி:
வேண்டாம் டீச்சர். என் மகனுக்கு எழுத்து ஓடாது, கை ஓடும். நுரையீரல் மாடல் செய்தான். அடி வெட்டிய பாட்டில், கவட்டைக் குழாய், இரண்டு பலூன், அடியில் உதரவிதானத்துக்காக, அதாவது நுரையீரலுக்குக் கீழே இருக்கும் மூச்சுத் தசைக்காக, இழுத்துக் கட்டிய ரப்பர் தோல். முதல் நாள் தோலை எவ்வளவு இழுத்தும் பலூன் அசையவில்லை. பார்த்தால், பாட்டில் வாயில் குழாய் நுழைந்த இடத்தில் மயிரிழை அளவு சந்து. களிமண் வைத்து அடைத்ததும் இழுக்க இழுக்க உப்பியது. "காத்த யாரும் உள்ள தள்ளலப்பா, இடத்தப் பெருசாக்கினா அதுவா வருது" என்றான். இதை எந்த நோட்டில் எழுதி வாங்குவீர்கள்?

அளவுகோல்:
உங்கள் பையன் செய்தான், சரி. பல வீடுகளில் அப்பா வெட்ட, அம்மா ஒட்ட, பிள்ளை தூங்கிவிடும். அதை விடுங்கள், மாடலே தப்பாகச் சொல்லிக் கொடுக்கிறதே! ஆக்சிஜன் குறைந்த ரத்தம் கருஞ்சிவப்பு, நீலமில்லை. பாட்டிலுக்குள் பலூனைச் சுற்றி வெற்றிடம் போல ஒரு காலி இடம் தெரிகிறது; மார்புக்குள் நுரையீரலுக்கும் சுவருக்கும் நடுவில் மெல்லிய திரவப் படலம்தான். உதரவிதானமும் தட்டைத் தோல் இல்லை, குடை மாதிரி மேலே குவிந்திருந்து, சுருங்கும்போதுதான் தட்டையாகிறது. விலா எலும்பு விரிவதோ மாடலில் கிடையவே கிடையாது.

நாடி பார்க்கச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 70 துடிப்பு, துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர் ரத்தம். பெருக்கினால் கிட்டத்தட்ட 5 லிட்டர். பெரியவர் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான்! சாப்பாட்டிலிருந்து கல்லீரல் புதுசு புதுசாக ரத்தம் செய்கிறது என்று நம்பிய காலத்தில், இதே மாதிரி கணக்குப் போட்டுத்தான் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் "இவ்வளவு ரத்தத்தைச் சாப்பாட்டிலிருந்து செய்யவே முடியாது, இருப்பதுதான் சுற்றி வருகிறது" என்று புத்தகம் போட்டார். தெர்மாகோல் தேவைப்படவில்லை.

பசைக்குப்பி:
அதே ஹார்வி கையில் கட்டுப் போட்டு, புடைத்த சிரையை விரலால் நீவி, ரத்தம் ஒரு பக்கமாக மட்டும் போவதைக் காட்டினாரே, அதை விட்டுவிட்டீர்கள். கை வேலை இல்லாமல் கணக்கு மட்டும் வந்துவிடவில்லை. அப்புறம், நாடியை எண்ணிக் கொண்டுவரச் சொன்னால் வகுப்பு முழுக்க ஒரே எண் வரும். பக்கத்து நோட்டு எதற்கு இருக்கிறது?

சாக்பீஸ்:
அது உண்மை. மைதானத்தை ரெண்டு சுற்று ஓடிவிட்டு வந்தும் 72 என்று எழுதிய மகராசன் என் வகுப்பில் உண்டு.

கடைசிபெஞ்ச்:
நான் படிக்கும்போது சிறுகுடலுக்கு ஆறு மீட்டர் ரப்பர் குழாய் வெட்டிப் போய், வயிறு என்று வைத்திருந்த அட்டைப்பெட்டிக்குள் திணிக்க முடியாமல் அழுதேன். மடிப்பு மடிப்பாக வைத்தபோதுதான் அடங்கியது. மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

அளவுகோல்:
பார்த்தீர்களா, ஆறு மீட்டர் என்று அளந்ததால் வந்த புத்தி அது.

பசைக்குப்பி:
அட்டைப்பெட்டிக்கும் கொஞ்சம் மரியாதை கொடுங்கள் சார்.

சாக்பீஸ்:
இரண்டு பேரும் சொல்வதைக் கேட்டு ஒரு யோசனை. மாடல் செய்யட்டும், ஆனால் வகுப்பிலேயே, என் கண் முன்னால். கூடவே ஒரு பக்கம்: "இந்த மாடல் எங்கெங்கே பொய் சொல்கிறது?" பாதி மதிப்பெண் அதற்கு.

அளவுகோல்:
பாதி போதாது. முக்கால்.

பசைக்குப்பி:
எழுத்து ஓடாத பிள்ளையை மறுபடியும் எழுத வைக்கிறீர்களே. வாயால் சொன்னால் மதிப்பெண் கிடையாதா?

சாக்பீஸ்:
கிடைக்கும். நாற்பது பேரிடம் கேட்க எத்தனை பீரியட் ஆகும் என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.