வடசேரி வீட்டுக் குழு: டாஷ்ஹண்டு நாய் புட்டு படுத்த நாள்கள்

*திங்கட்கிழமை*

செல்வி, காலை 6.40
அனைவருக்கும் வணக்கம். பால்காரரின் மணியோசை கேட்டும் புட்டு இன்று பாயை விட்டு எழவில்லை. நேற்றிரவு சுவரில் ஓடிய பல்லியைப் பிடிக்க சோபாவின் மேலிருந்து தாவினான். அப்போது ஒரே ஒரு முறை கத்தினான். பிறகு வழக்கம்போலத்தான் படுத்துக்கொண்டான். இப்போது முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு நடுங்குகிறான். எழுப்பி நிறுத்தினால் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பிருந்தா, பார்த்தவுடன் பதில் எழுது.

பிருந்தா, காலை 6.46
சித்தி, அவனை நடக்கவிடாதீர்கள். வலி என்று நம் வீட்டு மாத்திரை டப்பாவிலிருந்து எதையும் எடுத்துக் கொடுத்துவிட வேண்டாம். பாராசிட்டமாலும் இபுபுரூஃபெனும் நாய்க்கு நஞ்சு. எண்ணெய் தேய்ப்பதும் கூடாது. ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி, ஒரு பின்பாதத்தை மடக்கி அதன் மேல்புறம் தரையில் படும்படி வையுங்கள். உடனே திருப்பி ஊன்றுகிறானா, அப்படியே விட்டுவிடுகிறானா?

செல்வி, காலை 6.55
வலது பாதத்தை உடனே திருப்பிவிட்டான். இடது பாதத்தைச் சற்று நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகுதான் திருப்பினான். ஆச்சி நல்லெண்ணெயைக் காய்ச்சியே முடித்துவிட்டார்கள். கிண்ணத்தை நான் ஒளித்துவைத்திருக்கிறேன்.

பிருந்தா, காலை 6.59
கால்களுக்குச் செய்தி போகிறது, ஆனால் தாமதமாகப் போகிறது. இது முதுகெலும்பு வட்டின், அதாவது எலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல இருக்கும் பகுதியின், சிக்கலாகத்தான் இருக்கும். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியிலும் மறு கை பின்புறத்துக்கு அடியிலும் இருக்க வேண்டும். முதுகு தரைக்கு இணையாக இருக்கட்டும். அகிலன் வழக்கமாகச் செய்வதுபோல முன்கைகளைப் பிடித்துக் குழந்தையைப் போலத் தூக்கக் கூடாது. கால்களில் உணர்வே அற்றுப்போனாலோ சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ உடனே என்னை அழையுங்கள். அந்நிலையில் அறுவை சிகிச்சையை நாளைக்கு என்று தள்ளிப்போட முடியாது.

கண்ணன், பிற்பகல் 1.15
காட்டிவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். நீ சொன்னதேதான், பிருந்தா. வலியுணர்வு இருப்பதாலும் தானே நிற்பதாலும் இப்போதைக்கு அறுவை வேண்டாம் என்றார். மருந்தோடு ஆறு வாரம் கூண்டிலேயே ஓய்வு. எடையைப் பார்த்ததும் அவர் எங்களைத்தான் நிமிர்ந்து பார்த்தார். சென்ற ஆண்டு தடுப்பூசியின்போது 7.4 கிலோவாக இருந்தவன் இப்போது 9.2 கிலோ.

பெரியப்பா, பிற்பகல் 1.40
ஒரு பல்லிக்காகத் தாவியதற்கா இவ்வளவு துன்பம் என்று எனக்கு வியப்பாக இருக்கிறது. சோபாவின் உயரம் ஒன்றரை அடிகூட இராதே.

பிருந்தா, பிற்பகல் 2.05
அப்பா, தாவியது கடைசிக் காரணம்தான். இந்த இனத்தின் கால்களைக் குட்டையாக்கிய மரபணு மாற்றத்தோடு, முதுகெலும்பு வட்டுகளை விரைவில் முதுமையடையச் செய்யும் மாற்றமும் சேர்ந்தே வருகிறது. ஒவ்வொரு வட்டின் நடுவிலும் இளநீர் வழுக்கை போல மெத்தென்று இருக்க வேண்டிய பகுதி, இவற்றுக்கு ஒரு வயதுக்குள்ளேயே முற்றத் தொடங்கி, சுண்ணாம்பு ஏறிக் கொப்பரையாகிவிடுகிறது. பிறகு ஏதோ ஒரு நாள், ஒரு தாவலிலோ திரும்பலிலோ, அது பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது. டாஷ்ஹண்டுகளில் ஏறத்தாழ நான்கைந்தில் ஒன்றுக்கு வாழ்நாளில் இந்தத் தொல்லை வருகிறது. பெரும்பாலும் மூன்று வயதிலிருந்து ஏழு வயதுக்குள். புட்டுவுக்கு இப்போது ஐந்து. நீள உடல் என்பதால் முதுகு நோகிறது என்று பலரும் நினைக்கிறார்கள், ஆனால் கோளாறு வட்டுக்குள்ளேயே இருக்கிறது. எடை கூடினால் அந்த வட்டுகளின் மீது சுமையும் கூடும்.

பெரியப்பா, பிற்பகல் 2.30
தெளிவாகச் சொன்னாய். செருமானிய மொழியில் ‘டாக்ஸ்’ என்றால் மண்ணில் வளை தோண்டி வாழும் வளைக்கரடி, ‘ஹுண்ட்’ என்றால் நாய். வளைக்குள் நுழைந்து அதை வெளியேற்றுவதற்கென்றே வளர்த்தெடுத்த இனம் இது. அங்கே மக்கள் இதை ‘டாக்கல்’ என்றுதான் பெரும்பாலும் அழைக்கிறார்கள். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னமாக ‘வால்டி’ என்ற டாஷ்ஹண்டையே வைத்தார்கள். மாரத்தான் ஓட்டப் பாதையைக்கூட அதன் உருவத்தில் அமைத்தார்கள்.

செல்வி, பிற்பகல் 2.41
அத்தான், வளைக்கரடி இல்லாத குறையைப் புட்டு பின்கட்டுப் பெருச்சாளி வளைகளில் தீர்த்துக்கொள்கிறான். கறிவேப்பிலைச் செடியின் வேரை இருமுறை தோண்டி வெளியே எடுத்திருக்கிறான். அந்தக் குரலும் அப்படித்தான். மண்ணுக்கு அடியிலிருந்து குரைத்தாலும் மேலே நிற்பவருக்குக் கேட்க வேண்டும் என்று படைத்த குரலைத் தெருவே கேட்டுக்கொண்டிருக்கிறது.

பிருந்தா, பிற்பகல் 2.50
பெருச்சாளி இருக்கிறது என்றால் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறவிடாதீர்கள், சித்தி. அது இருக்கட்டும். 1.8 கிலோ எங்கிருந்து வந்தது என்பதை ஒவ்வொருவரும் உண்மையாக எழுதுங்கள்.

அகிலன், மாலை 4.20
அக்கா, நான் பள்ளிவிட்டு வந்ததும் இரண்டு முறுக்கு கொடுப்பேன். அவன் கண்ணை அப்படி வைத்துக்கொண்டு பார்த்தால் எனக்கு வேறு வழி தெரிவதில்லை.

கண்ணன், மாலை 4.31
காலைத் தேநீரோடு மூன்று பிஸ்கட்டுகள் என் கணக்கு.

பெரியப்பா, மாலை 4.50
நான் வரும் நாள்களில் மட்டும் சிறிதளவு நேந்திரங்காய் வறுவல் கொடுத்ததுண்டு.

செல்வி, மாலை 5.02
ஆச்சி தோசையின் ஓரம், சாம்பார் சாதத்தின் அடிவண்டல், ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புச் சோறு. இது எனக்குத் தெரிந்த அளவு.

பிருந்தா, மாலை 5.10
சாம்பாரில் வெங்காயமும் மீன்குழம்பில் பூண்டும் இருக்கின்றன. இரண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். இனி அளந்து வைத்த உணவு இரண்டு வேளை மட்டும். இடையில் ஏதாவது கொடுத்தே தீர வேண்டும் என்றால் வெள்ளரிக்காய்த் துண்டு கொடுங்கள். உங்கள் புறங்கையை விரலால் தடவிப் பாருங்கள். எலும்பு எவ்வளவு தட்டுப்படுகிறதோ, அவ்வளவு அவன் விலா எலும்பும் தட்டுப்பட வேண்டும்.

*வியாழக்கிழமை*

செல்வி, இரவு 9.30
கூண்டில் நான்காம் நாள். மருந்தினால் வலி அடங்கிவிட்டது, அதுவே பெருந்தொல்லையாகிவிட்டது. தனக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக் கம்பியைப் பிறாண்டிக்கொண்டு ஊளையிடுகிறான். பகலில் நான்கு முறை, ஈரிழைத் துண்டை மடித்து வயிற்றுக்கு அடியில் கொடுத்து இரு முனைகளையும் மேலே பிடித்துக்கொண்டு, முற்றத்து முருங்கை மரம் வரை அழைத்துச் சென்று வருகிறேன். பின்னங்கால்கள் தரையைத் தொடுகின்றன, ஆனால் எடையில் பாதியைத் துண்டுதான் சுமக்கிறது. இடது கால் நகங்கள் சிமெண்டுத் தரையில் உரசும் ஓசை நேற்றைவிட இன்று குறைவு. மாலையில் கூண்டை அடுக்களை வாசலுக்கு நகர்த்திவிட்டேன்; எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் அழுவதில்லை.

கோமதி, இரவு 9.52
மதினி, படிக்கவே நெஞ்சு கனக்கிறது. இந்த நேரத்தில் கேட்கலாமா என்று தெரியவில்லை. சென்னையில் ஒருவர் டாஷ்ஹண்டுக் குட்டிகள் விற்கிறார். தாயும் தகப்பனும் சாம்பல் நிறத்தில் புள்ளிபோட்டவை, அரிய நிறம் என்று கூடுதல் விலை கேட்கிறார். பாப்பாவுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

பிருந்தா, இரவு 10.04
அத்தை, அந்தக் குட்டிகளை வாங்காதீர்கள். புள்ளிநிற நாய்கள் இரண்டை இணைசேர்த்தால், அந்த மரபணு இரு பக்கமிருந்தும் வந்து சேரும் குட்டிகளுக்குச் செவிட்டுத்தன்மையும் பார்வைக் குறையும் வர வாய்ப்புண்டு. நிறத்தைக் காட்டி விலை ஏற்றுகிறவரிடம் பெற்றோரின் முதுகைப் பற்றிக் கேட்டாலும் நேரான பதில் வராது.

செல்வி, இரவு 10.20
கோமதி, உன் வீடு மின்தூக்கி இல்லாத இரண்டாம் மாடி. நாளுக்கு நான்கு முறை நீதான் இறக்கி ஏற்ற வேண்டும். பாப்பாவால் அவனை முதுகு கோணாமல் தூக்க முடியாது. பகலெல்லாம் பூட்டிய வீட்டில் விட்டால் குரைத்தே அடுத்த வீட்டாரிடம் பேச்சு வாங்கித் தருவான். பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகள் இருக்கக்கூடியவன். புட்டுவைப் பற்றி நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. ஆனாலும் உன் வீட்டுக்கு இந்த இனம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

கோமதி, இரவு 10.26
சரி, மதினி. கோபமில்லை. பாப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

*ஐந்தாம் வாரம், சனிக்கிழமை*

பெரியப்பா, காலை 11.15
தச்சர் சாய்வுப்பலகையை முடித்துவிட்டார். ஐந்தடி நீளம்; வழுக்காமலிருக்க மேலே தென்னைநார்ப் பாயை ஒட்டச் சொன்னேன். வழவழப்பான தரையிலும் அதே பாயில் இரண்டு விரித்துவிடுங்கள். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்புப் பட்டை வாங்கியாகிவிட்டதா?

கண்ணன், காலை 11.40
வாங்கிவிட்டோம், அண்ணா. இன்று பாதத்தை மடக்கி வைத்துப் பார்த்தேன். இடது, வலது இரண்டையும் ஒரே வேகத்தில் திருப்பினான். எடைதான் புரியவில்லை. மூன்றாம் வாரம் 8.3 கிலோவுக்கு இறங்கியவன் இன்று 8.5 கிலோ.

பிருந்தா, காலை 11.48
கூண்டில் இருப்பவன் தானாகப் போய் எதையும் தின்ன முடியாது. கூண்டு அடுக்களை வாசலில்தானே இருக்கிறது?

அகிலன், காலை 11.57
அக்கா, ஆச்சி சொல்வதை நான் அப்படியே எழுதுகிறேன்: “நான் யாருக்கும் தோசை கொடுக்கவில்லை. தோசை தானாகக் கீழே விழுந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் விழுந்ததை நான் எப்படி எடுப்பது?”