நோஸ்கிரிப்ட்: துணை டொமைன்களை மொத்தமாகத் திறக்கலாமா?

கீற்று:
ஃபயர்பாக்ஸில் நோஸ்கிரிப்ட் (நாம் அனுமதிக்காத தளங்களின் ஸ்கிரிப்டைத் தடுக்கும் நீட்சி) போட்டிருக்கேன். விக்கிப்பீடியாவில் தமிழுக்கு ஒரு துணை டொமைன் (முக்கிய முகவரிக்கு முன்னால் வேறு பெயர் சேர்ந்தது), ஆங்கிலத்துக்கு இன்னொன்று. வங்கித் தளத்தில் இன்னும் அதிகம். ஒவ்வொன்றாகச் சேர்க்கணுமா?

நெய்தல்:
எதுக்கு? செட்டிங்ஸில் தளவாரி அனுமதி டேபுக்குப் போய், முன்னால் எதுவும் போடாமல் விக்கிப்பீடியா.ஆர்க் என்று மட்டும் தட்டி ‘டிரஸ்டெட்’ கொடுங்க. பெயருக்கு முன்னால் மூன்று புள்ளி வந்தால் கீழே உள்ள துணை டொமைன் எல்லாம் அதில் அடக்கம். நட்சத்திரக் குறியெல்லாம் வேண்டாம். அந்தப் பதிவின் பக்கத்தில் உள்ள பூட்டு பச்சையில் இருக்கட்டும். சிவப்பில் விட்டால் வெறும் ஹெச்டிடிபியில், அதாவது குறியாக்கம் இல்லாமல் வரும் ஸ்கிரிப்டும் ஓடும். பொது வைஃபையில் நடுவில் இருக்கிறவன் எதை வேண்டுமானாலும் செருகலாம்.

மறுகரை:
விக்கிப்பீடியாவுக்குச் சரி, எல்லாம் ஒரே நிர்வாகம். இதையே பழக்கமாக்கி பிளாக்ஸ்பாட்.காம், கிட்ஹப்.ஐஓ என்று திறந்தால் தொலைந்தது. அங்கே ஒவ்வொரு துணை டொமைனும் ஒவ்வொரு ஆளுடையது. ஒரு தமிழ் வலைப்பூவைப் படிக்கப் போய், முன்பின் தெரியாத அத்தனை வலைப்பூவுக்கும் அனுமதி கொடுத்திருப்பீங்க. பிளாக்கரில் யாரும் தன் ஸ்கிரிப்டை கேட்ஜெட்டாக வைக்கலாம். முழு முகவரிதான் சரி. ‘அப்பியரன்ஸ்’ டேபில் முழு முகவரிகளைக் காட்டும் தேர்வை டிக் பண்ணுங்க, பாப்அப்பிலேயே தனித்தனியாக வரும்.

நெய்தல்:
அந்த ரெண்டும் மொசில்லா பராமரிக்கும் பப்ளிக் சஃபிக்ஸ் பட்டியலில் (கீழே உள்ள பெயர்கள் வெவ்வேறு ஆட்களுக்குப் போகும் டொமைன்களின் பட்டியல்) இருப்பவை. அதை வைத்து எல்லாத் தளத்தையும் எடை போடாதீங்க. வங்கியில் லாகின் ஒரு துணை டொமைன், ஓடிபி இன்னொன்று என்று இருந்தால், முழு முகவரி வைத்தவர் ஓடிபி பக்கத்தில் மாட்டுவார். அங்கே அனுமதி மாற்றினால் நோஸ்கிரிப்ட் பக்கத்தை ரீலோட் பண்ணும். பரிவர்த்தனை பாதியில் நிற்கும்.

மறுகரை:
லாகினுக்கு முன்பே ‘இந்த டேபுக்குக் கட்டுப்பாடு வேண்டாம்’ பொத்தானை அழுத்தினால் போச்சு. நிரந்தரமாகத் திறப்பதில் வேறு சிக்கலும் இருக்கு: சிநேம், அதாவது ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் டிஎன்எஸ் (இணையப் பெயர்களுக்கான முகவரிப் புத்தகம்) பதிவு. மெட்ரிக்ஸ் என்று ஆரம்பிக்கும் துணை டொமைன் பெயரளவில் அந்தத் தளத்துடையது. டிஎன்எஸ்ஸில் அதன் சிநேம் கண்காணிப்பு நிறுவனத்தின் சர்வரைக் காட்டும். மூன்று புள்ளி போட்டால் அதுவும் உள்ளே. விளம்பரம், கண்காணிப்பைத் தடுக்கும் நீட்சியான யூபிளாக் ஆரிஜின் 1.25 (2020) முதல் ஃபயர்பாக்ஸில் சிநேமை அவிழ்த்துப் பார்க்கிறது. குரோம் நீட்சிகளுக்கு அந்த டிஎன்எஸ் வசதியே தரவில்லை.

பூட்டுச்சாவி:
சிநேம் விஷயத்தில் மறுகரை பக்கம்தான் நான். ஆனால் அதற்காக வாசலையே அடைக்க வேண்டாம். மேல் டொமைனை டிரஸ்டெட்டில் வைத்து, துருவுகிற ஒன்றை மட்டும் முழுப் பெயரோடு ‘அன்டிரஸ்டெட்’ ஆக்குங்க. குறுகலான பதிவுதான் செல்லும். யூபிளாக் டைனமிக் விதிகளிலும் (தளவாரியாக நாமே பாப்அப்பில் வைப்பவை) இதே கணக்கு. அங்கே ‘அலௌ’ வேண்டாம், அது ஃபில்டர் பட்டியல்களையும் மீறிவிடும். ‘நூப்’ போட்டால் பட்டியல்கள் வேலை செய்துகொண்டே இருக்கும். யூபிளாக் பாப்அப்பில் விதி வைத்ததும் அங்கே உள்ள பூட்டை அழுத்த மறக்காதீங்க, இல்லாட்டி பிரவுசரை மூடினதும் போயிடும்.

மறுகரை:
துருவுவது எதுன்னு முதலில் தெரியணுமே! நாளைக்கு அந்தத் தளம் புதிதாக ஒன்றைச் சேர்த்தால், அது திறந்தபடியேதான் பிறக்கும்.

நெய்தல்:
வங்கி புதிதாகச் சேர்க்கும் ஓடிபி பக்கமும் அப்படித்தான் பிறக்கணும். கீற்று, ஒன்று பாக்கி: விக்கிப்பீடியாவின் ஒலி, வீடியோ கோப்புகள் விக்கிமீடியா.ஆர்க்கிலிருந்து வரும், அது தனி டொமைன். அவை ஓடாமல் போனால் அந்த டொமைனைத் தனியாகச் சேருங்க.