வேற்று வண்டியிலிருந்து வந்த உறுப்புக்கு என்ன பெயர்?

இல்லினாய், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை இரவுக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும்.

எங்கள் தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்களோடு பழைய தோட்ட டிராக்டர் ஒன்றைப் பிரித்துப் பழுதுபார்க்கிறோம். பேச்சு முழுவதும் தமிழில். இந்தப் பிள்ளைகளுக்கு வண்டி புதிதல்ல. கோடையில் புல் வெட்டவும் பனிக்காலத்தில் பாதை திறக்கவும் தெருவில் நாலு வீட்டில் ஒன்று நிற்கும். அதைப் பற்றித் தமிழில் பேசுவதுதான் புதிது.

வண்டி, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் கென்டக்கி மாநிலத்து லூயிவில் ஆலையில் செய்த கப் கேடட் 100. 1963இல் வந்த வகை. அதற்குரிய எஞ்சின் 10 குதிரைத்திறன் கோலர் கே 241. இப்போது அதில் இருப்பதோ 12 குதிரைத்திறன் கே 301. பின்டயர் ஒன்று 23×8.50-12, மற்றது 23×10.50-12. புல்வெட்டும் தட்டு எந்த வண்டியினுடையது என்றே தெரியவில்லை. அதன் சுழலச்சு 1 அங்குலம். கூட வந்த கப்பியின் துளை 25 மி.மீ. முன்மூடித் தாங்கியின் 5/16 அங்குல மரைத்துளையில் யாரோ 8 மி.மீ. மெட்ரிக் போல்ட்டை முறுக்கிவைத்திருக்கிறார்கள்.

இப்படிப் பிற வண்டியிலிருந்து வந்து சேர்ந்த உறுப்பை ஒரே சொல்லால் எப்படிச் சொல்வது? உறுப்புகளுக்காகவே வாங்கிப் பிரிக்கும் இன்னொரு வண்டியை இங்கே ‘டோனர்’ என்கிறார்கள். அதற்கும் ஒரு சொல் வேண்டும். கையேடு சனிக்கிழமை காலை பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும்.

தஞ்சை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்புள்ள தம்பிக்கு, சொல் நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. புறநானூறு 102ஆம் பாட்டில், மேடு பள்ளம் எப்படி இருக்குமோ என்று அஞ்சி உமணர் என்னும் உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். ‘கீழ்மரத்து யாத்த சேம அச்சு’ என்கிறார் ஔவையார். ஆகவே சேமவுறுப்பு. பாகம் வடசொல், உறுப்பு என்றே எழுதுங்கள். எந்திரம் என்ற சொல்லுக்கும் அஞ்ச வேண்டாம். ஐங்குறுநூற்றில் கரும்பின் எந்திரம் யானைக்கு எதிராகப் பிளிறுகிறது. தங்கள் கே 301 எழுப்பும் ஓசைக்கும் அந்த வினை பொருந்தும்.

கோவை, டிராக்டர் மெக்கானிக் பிரிவுப் பயிற்றுநர்:

ஐயாவின் பாட்டு அருமை, சொல் பொருந்தாது. சேம அச்சு அந்த வண்டிக்கென்றே செதுக்கிய அச்சு. உமணர் யாரும் அளவு தெரியாத வேறொரு வண்டியின் அச்சைக் கட்டிக்கொண்டு மலை ஏறமாட்டார்கள். நாங்கள் பட்டறையில் ‘ஸ்பேர்’ என்பதற்கு அந்தச் சொல் சரியாக இருக்கும். தம்பி கேட்பது வேறு.

அவர் சொன்னவற்றையே பாருங்கள். எல்லாம் பிற வண்டி உறுப்புகள்தாம். ஆனால் ஒரே தன்மையுடையவை அல்ல.

கே 241, கே 301 இரண்டுக்கும் அடிப்பகுதியும் போல்ட் துளைகளும் ஒன்றே. அதனால் கே 301 நேராக வந்து உட்காரும். சிலிண்டர் விட்டம் மட்டும் 3.25 அங்குலத்துக்குப் பதில் 3.375. டிராக்டரின் எண்ணைச் சொல்லிப் பிஸ்டன் வளையம் வாங்கினால் வீண். எஞ்சின் மேல் இருக்கும் எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். இதைப் பிள்ளைகளின் கையேட்டில் கட்டம் கட்டிப் போடுங்கள்.

கப்பி வேறு வகை. 1 அங்குலம் என்பது 25.4 மி.மீ. வித்தியாசம் 0.4 மி.மீ. தானே என்று சுழலச்சை அரத்தால் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; வயிறு எரியும். தேய்த்த தண்டில் சரியான கப்பி நாளை கிடைத்தாலும் நிற்காது. கடைசலில் பிடித்துக் கப்பியின் துளையைத்தான் பெரிதாக்க வேண்டும். அதோடு முடியவில்லை. தண்டும் கப்பியும் சேர்ந்து சுழல இடையில் செருகும் உலோகத் துண்டு சாவி; அது உட்காரும் பள்ளம் சாவிக்காடி. 1 அங்குலத் தண்டில் வழக்கமாகக் கால் அங்குலச் சாவி இருக்கும், அதாவது 6.35 மி.மீ. மெட்ரிக் கப்பியின் சாவிக்காடி 8 மி.மீ. ஆகவே ஒரு பக்கம் அகலமும் மறு பக்கம் ஒடுக்கமுமாகப் படிச்சாவி ஒன்று செய்ய வேண்டும்.

மூன்றாவது, அந்த போல்ட். 5/16 அங்குலம் 7.94 மி.மீ.; கண்ணுக்கு 8 மி.மீ. போலவே தெரியும். ஆனால் அங்குல மரையின் இடைவெளி 1.41 மி.மீ., மெட்ரிக் மரையின் இடைவெளி 1.25. இரண்டு சுற்றுப் போகும், பிறகு இறுகும். இறுகியதைப் பிடித்துக்கொண்டதாக நினைத்து ஸ்பானரில் பலம் கொடுத்தால் துளையின் மரை கிழியும்.

நேராகப் பொருந்துவது, வேலை செய்தால் பொருந்துவது, பொருந்தவே கூடாதது. மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் பையன்கள் எல்லாவற்றையும் சுத்தியலால் அடித்து ஏற்றுவார்கள்.

சென்னை, மென்பொருள் தமிழாக்கப் பணியாளர்:

இங்கே புதுப்பேட்டையின் பழைய வண்டி உறுப்புக் கடைகளில் யாரும் இவ்வளவு யோசிப்பதில்லை. ‘அசெம்பிள் வண்டி’ என்றால் எல்லாருக்கும் புரிகிறது. தொல்காப்பியரே ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’, காலத்தோடு வழக்குக்கு வந்த சொல்லை விலக்க வேண்டாம் என்றுதானே சொன்னார்? டோனரைக் கொடைவண்டி என்று வைத்துக்கொள்ளலாம். குருதிக்கொடை, உறுப்புக்கொடை எல்லாம் நாளிதழ்களில் வழங்குகின்றன.

டொராண்டோ அன்பர்:

இடையில் ஒரு வார்த்தை. சேமம் என்பது க்ஷேமம் என்ற வடசொல் அல்லவா? பாகத்தை வெளியே தள்ளிய கையோடு சேமத்தை உள்ளே விடுவது எந்த நியாயம்?

தஞ்சை:

சேமம் ஏமத்திலிருந்து வந்தது. ஏமம் என்றால் காவல். சிறகு, இறகு என்று நம் மொழியில் சகரம் முன்னே வந்தும் வராமலும் நிற்கும் இணைகள் உண்டு.

டொராண்டோ:

உண்டு. ஆனால் திசை நீங்கள் சொல்வதற்கு நேர்மாறானது. திராவிட மொழிகளில் சொல்முதல் சகரம் மறைவதைப் பற்றி மொழியியலாளர் டி. பர்ரோ தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். சிறகுதான் இறகாகிறது, இறகில் சகரம் வந்து ஒட்டிக்கொள்வதில்லை. சமணர் அமணராவதும் அப்படியே. உங்கள் வழியில் போனால் க்ஷேமம் சேமமாகி, சேமம் ஏமமாகி, ஏமமும் வடசொல் என்றாகிவிடும். அதை நீங்களே ஏற்கமாட்டீர்கள்.

தஞ்சை:

ஏற்கமாட்டேன். ஏமம் தூய தமிழ். இரண்டும் தனித்தனி வேர் என்றே கொண்டாலும் சேம அச்சு சங்கப் பாட்டில் இருக்கிறது. அதற்குக் குடியுரிமை உண்டு. இதைத் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

யாழ்ப்பாணம், தோட்டக்கலை ஆசிரியை:

தம்பி, முதலில் டிராக்டருக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்? நாங்கள் உழவு இயந்திரம் என்கிறோம். இரண்டு சக்கரத்ததை லான்ட்மாஸ்டர் என்கிறோம். ஒரு கம்பனியின் பெயர் பொதுப்பெயராகிவிட்டது. உங்கள் வண்டி புல் வெட்டுவதால் உழவு என்ற சொல்லைத் தவிர்த்து, இழுவை என்று எழுதலாம். அந்த ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரும் இழுத்தலைத்தான் குறிக்கிறது.

பிற வண்டி உறுப்பு எங்களுக்குப் புதிய விடயம் அல்ல. 1990க்குப் பின் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஆஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைத் தொடக்கிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இந்தப் பாகம் இந்த வண்டிக்கு உரியதா என்று கேட்கும் வசதி அன்று யாருக்கும் இருக்கவில்லை. ஓடுகிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

என் பரிந்துரை ஒட்டுறுப்பு. ஒட்டு மாங்கன்று எல்லாத் தமிழருக்கும் தெரியும். ஒரு மரத்தின் வேர்த்தண்டில் இன்னொரு மரத்தின் கிளையைச் சேர்க்கிறோம். வெட்டுவாய் இரண்டும் சரியாகப் படிந்தால்தான் பிடிக்கும். கோவை ஐயா சொன்ன 0.4 மி.மீ. கணக்கும் அதுதான். கிளை தந்த மரத்தைத் தாய்மரம் என்பதால் டோனரைத் தாய்வண்டி என்னலாம்.

சென்னை:

தாய்வண்டி என்றால் சட்டமும் சக்கரமும் உள்ள முதல் வண்டியைத்தான் நினைப்பார்கள். ஒட்டு என்றால் ஒட்டுப்போட்ட சட்டை நினைவுக்கு வருகிறது. மட்டமான வேலை என்ற எண்ணம் வந்துவிடும்.

யாழ்ப்பாணம்:

ஒட்டுமாம்பழத்தை யாரும் மட்டம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

தஞ்சை:

கோவை நண்பரின் மூன்று பிரிவை மறுபடி படித்தேன். இது சொல்லதிகாரம். வழாநிலை (பிழையற்றது), வழுவமைதி (பிழையாயினும் ஏற்கப்படுவது), வழு (பிழை). கே 301 வழாநிலை. கடைந்து, படிச்சாவி இட்டு ஏற்ற கப்பி வழுவமைதி. மெட்ரிக் போல்ட் வழு. பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணை வழுதான். உவப்பு என்ற காரணம் இருப்பதால் இலக்கணம் அதை அமைத்துக்கொள்கிறது. காரணமும் முறையும் இருந்தால் ஏற்பு, இல்லாவிட்டால் பிழை. கப்பிக்கும் போல்ட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. பிள்ளைகள் இலக்கணத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

கோவை:

ஐயா, இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே தடை: கே 301 பிறந்த வண்டி வேறுதானே? அதை வழாநிலை என்று எப்படிச் சொல்வது?

டொராண்டோ:

அப்படிப் பார்த்தால் கப் கேடட்டே வழாநிலை இல்லை. அதன் கியர்ப்பெட்டி அதே நிறுவனத்தின் பெரிய வண்டியான ஃபார்மால் கப்பிலிருந்து எடுத்தாளப்பட்டது. ஆலையே ஒட்டுப்போட்டுத்தான் தொடங்கியது. பிறப்பை விட்டுவிடுங்கள், பொருத்தத்தைப் பாருங்கள்.

இல்லினாய்:

எல்லாருக்கும் நன்றி. அச்சுக்கு அனுப்பும் நேரம் வந்துவிட்டது. பொதுப்பெயராக ஒட்டுறுப்பு என்று போடுகிறேன்; அது யாழ்ப்பாணம் தந்த சொல். அதன் கீழே மூன்று வகை: இசைவுறுப்பு, அமைவுறுப்பு, வழுவுறுப்பு. வழாநிலை என்ற சொல்லின் நீண்ட எதிர்மறையைப் பிள்ளைகள் வாயில் ஏற்றுவது கடினம் என்பதால் இசைவு என்று மாற்றினேன். சேமவுறுப்பை ஸ்பேருக்கு வைத்துக்கொண்டேன். சாவிக்காடி, படிச்சாவி இரண்டும் அப்படியே. டிராக்டர் டிராக்டராகவே இருக்கும். இழுவை என்பதை ஒருமுறை அறிமுகம் செய்கிறேன்.

டோனருக்கு எதுவும் மனம் கொள்ளவில்லை. விலை கொடுத்து வாங்கி எலும்புவரை பிரித்த வண்டியைக் கொடைவண்டி என்று எழுதக் கை வரவில்லை. கழற்றுவண்டி என்று போட்டிருக்கிறேன்.

சென்னை:

கழற்றுவண்டி என்றால் கழற்றும் வண்டியா, கழற்றப்படும் வண்டியா? கொடைவண்டியே தெளிவு.

தஞ்சை:

‘சுடுசோறு’ சோற்றைச் சுடுவதில்லை. வினைத்தொகை பிழையில்லை, கழற்றுவண்டி நிற்கட்டும். என் மறுப்பு ஒட்டுறுப்புக்கு. ஒட்டு என்பது தண்டியலங்காரத்தில் ஓர் அணியின் பெயர். ஒன்றைச் சொல்லி வேறொன்றைக் குறிப்பால் உணர்த்துவது. கலைச்சொல் ஒன்று ஏற்கெனவே இருக்கும் கலைச்சொல்லின் மேல் ஏறி உட்காரக் கூடாது. அடுத்த பதிப்பில் பிறவுறுப்பு என்று மாற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் மறுப்பைப் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவை:

தம்பி, அச்சுக்கு அனுப்புமுன் ஒன்று சேருங்கள். போல்ட் ஏறிய துளையின் மரை கிழிந்திருந்தால், அடுத்த பெரிய அளவான 3/8 அங்குல மரைக்கு ஏற்பத் துளைத்து, புதிதாக மரை வெட்டச் சொல்லுங்கள். தாங்கியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் அளக்கட்டும். மரை வெட்டும் கருவிக்கு நாங்கள் ‘டேப்’ என்கிறோம்.

யாழ்ப்பாணம்:

டேப்புக்கு மரைவெட்டி என்று எழுதலாமே.

தஞ்சை:

மரை, புரி இரண்டில் எது பழையது என்று பார்க்க வேண்டும்.