சபா மேடைக்குப் புதிய கேமரா பாடியா, நல்ல லென்ஸா?

தில்லானா:
அக்காள் மகளின் நடன நிகழ்ச்சிகளைப் படமெடுப்பதற்காக வாங்கிய கேனான் 1200டி கேமராவும், அதனுடன் வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸும் என்னிடம் உள்ளன. 55 மி.மீ.-இல் அந்த லென்ஸ் எஃப்/5.6-க்கு மேல் திறப்பதில்லை (எஃப் எண் சிறிதானால் ஒளி அதிகம்); ஆகையால் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) 6400 வரை ஏற்றியும் ஷட்டர் 1/60 நொடியைத் தாண்டுவதில்லை. படமெங்கும் மணல் தூவியது போலிருக்கிறது, முத்திரை பிடிக்கும் விரல்களோ கலங்கிப்போகின்றன. மார்கழிக்குள் 50,000 ரூபாய் வரை செலவிட முடியும். எதை வாங்கலாம்?

பழைய ஷட்டர்:
பாடியைத் தொடாதீர்கள், 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸை வாங்குங்கள். எஃப்/5.6-உடன் ஒப்பிட்டால் எஃப்/1.8 ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். அதில் நான்கு மடங்கை ஷட்டருக்குக் கொடுத்தால் 1/60 என்பது 1/250 ஆகும். மீதமுள்ள இரண்டரை மடங்கை ஐஎஸ்ஓவுக்குக் கொடுத்தால் 6400 என்பது ஏறக்குறைய 2500-க்கு இறங்கும். கேமராவையே மாற்றலாமென்று கேனானின் ஆடியில்லா (மிரர்லெஸ்) கேமராவான ஆர்50-க்குப் போனால், அதனுடன் வரும் 18-45 மி.மீ. கிட் லென்ஸோ 45 மி.மீ.-இல் எஃப்/6.3 தான். புதிய கேமரா வாங்கிவிட்டு முன்பைவிட இருட்டான லென்ஸில் படமெடுப்பதா?

ஆடியில்லாதவன்:
ஒளிக்கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், ஒளி கிடைத்தும் ஃபோகஸ் தவறினால் என்ன பயன்? 1200டி-யில் ஃபோகஸ் புள்ளிகள் ஒன்பதே. அவற்றில் நடுப்புள்ளி மட்டும்தான் குறுக்குவகை (கிடைக்கோடு, செங்குத்துக்கோடு இரண்டையும் உணர்வது). ஆடுபவர் மேடையின் ஓரத்துக்குப் போனதும் அந்த நடுப்புள்ளியை அவர் முகத்தோடு இழுத்துக்கொண்டு அலைய வேண்டும். 2023-இல் வந்த ஆர்50 கண்ணையே கண்டுபிடித்துத் தொடர்கிறது. போதாக்குறைக்கு, எஃப்/1.8-இல் கூர்மையின் ஆழம் (முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் தூரம்) மிகவும் குறைவு. வீணைக் கச்சேரியில் ஆலாபனை நடக்கும்போது 'டக் டக்' என்று அடிக்கும் 1200டி போன்ற டிஎஸ்எல்ஆர் (ஆடியுள்ள கேமரா) ஒலியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பழைய ஷட்டர்:
ஆழம் குறைவு என்பது இரண்டு மீட்டர் தொலைவில் முகம் எடுப்பவருக்குப் பொருந்தும். எட்டு மீட்டர் தள்ளி அமர்ந்தால், இந்த கேமராவில் 50 மி.மீ. எஃப்/1.8-க்கே சுமார் ஒன்றரை மீட்டர் ஆழம் கிடைக்கும். கேமராவைக் கிடையாகப் பிடித்தாலும் படச்சட்டத்தின் உயரம் 2.4 மீட்டர் வரும் என்பதால், தலைச்சாமான் முதல் சலங்கை வரை முழு உருவமும் அடங்கும். பின்வரிசைதான் கிடைக்கும் என்றால் 85 மி.மீ. எஃப்/1.8-ஐப் பாருங்கள். ஓசையற்ற மின்னணு ஷட்டரை மேடையின் எல்இடி விளக்குகளுக்குக் கீழே இயக்கினால் படத்தின் குறுக்கே பட்டைகள் விழக்கூடும் என்பதையும் நண்பர் சொல்லியிருக்கலாம். நாளை ஆர்50-க்கே போனாலும், அடாப்டர் வழியாக இந்த ஈஎஃப் (கேனான் டிஎஸ்எல்ஆர்) வகை லென்ஸ் அதில் வேலை செய்யும்.

இருட்டறை:
இருவரும் கேட்காததை நான் கேட்கிறேன். பழைய படங்களை முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். முகம் கூர்மையாக இருந்து விரல்கள் மட்டும் இழுபட்டிருந்தால் குறை ஷட்டர் வேகத்தில் இருக்கிறது. ஆடுபவர் முழுவதும் மங்கி, பின்திரையின் மடிப்புகள் தெளிவாக இருந்தால் குறை ஃபோகஸில் இருக்கிறது.

தில்லானா:
நேற்றிரவு 40 படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 31 படங்களில் நெற்றிச்சுட்டியின் கற்களை எண்ண முடிகிறது, கைகள்தான் கலங்கியிருக்கின்றன. ஒன்பதில் அவள் மங்கலாகவும், பின்னால் இருக்கும் நடராஜர் சிலை தெளிவாகவும் இருக்கிறது. 50 மி.மீ. லென்ஸை வாங்குவதாக முடிவு செய்துவிட்டேன்.

ஆடியில்லாதவன்:
சரி, வாங்குங்கள். ஆனால் எஃப்/5.6-இன் ஆழத்திலேயே ஒன்பது படங்களில் நடராஜர் மேல் போய் நின்ற ஃபோகஸ், எஃப்/1.8-இல் எத்தனை முறை போகிறது என்பதை மார்கழி முடிந்ததும் இங்கே வந்து எழுதுங்கள்.