டாய் ஹாலரின் ராம்ப் கதவைப் பேட்டியோவாக்குதல்: கேபிள் சுவரைப் பிடுங்குகிறது, உதவி தேவை

பீனிக்ஸ்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அரிசோனாவில் இருக்கிறோம். குளிர்காலத்தில் கலிபோர்னியாவின் இம்பீரியல் மணற்குன்றுகளுக்கு, அதாவது எல்லோரும் கிளாமிஸ் என்று சொல்லும் இடத்திற்கு, குவாட் எனும் நான்கு சக்கர மணல் வண்டிகளை ஏற்றிப் போவதற்காகப் பழைய டாய் ஹாலர் (பின்பகுதியில் வண்டிகளை ஏற்ற இடமுள்ள முகாம் டிரெய்லர்) ஒன்றை வாங்கினோம். வண்டிகளை இறக்கிய பிறகு, சாய்தளமாகக் கீழே இறங்கும் பின்புற ராம்ப் கதவைத் தரைவரை விடாமல் தளமட்டத்திலேயே நிறுத்தி, பேட்டியோவாக (திறந்தவெளித் திண்ணை) நாற்காலி போட்டு உட்காரும்படி, முன்பு வைத்திருந்தவர் இரு பக்கமும் கேபிள் கட்டி, சுற்றிலும் இரும்பு வேலியும் நிரந்தரமாக அமைத்திருக்கிறார். கதவின் நீளம் 7 அடி. கேபிளின் ஒரு முனை கதவின் வெளி மூலையிலும், மறுமுனை தளத்திலிருந்து 3 அடி உயரத்தில் பின்சுவரில் உள்ள ஐ போல்ட்டிலும் (வளையத் தலை உள்ள போல்ட்) மாட்டப்பட்டுள்ளன.

இப்போது வலப்பக்க ஐ போல்ட்டைச் சுற்றியிருந்த, நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் விரிந்து, வெளித்தகடு லேசாக உப்பியிருக்கிறது. அந்தப் பக்கம் கதவின் வெளிவிளிம்பு ஒன்றரை அங்குலம் தாழ்ந்துவிட்டது. இடப்பக்கமோ சற்று நிமிர்ந்து நிற்பதால், தளத்தைக் கழுவினால் தண்ணீர் கீலை நோக்கி ஓடிவந்து தேங்குகிறது. கதவைத் திறக்கும்போது கையில் நிற்காமல் வேகமாக இறங்குகிறது. இன்னும் தடித்த கேபிளை வாங்கி மாட்டினால் இவை சரியாகுமா?

பட்டறைக்காரர்

வணக்கம். கேபிளின் தடிமனைக் கேட்பதற்கு முன் அது கட்டப்பட்ட உயரத்தைத்தான் பார்க்க வேண்டும். கதவின் எடையை 200 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் நால்வர், ஏறத்தாழ 700 பவுண்டு, தளம் முழுவதும் பரவலாக உட்கார்ந்திருந்தால் கேபிளுக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் சூரியன் மறைவதைப் பார்க்க அந்த நால்வரும் வெளி மூலை ஒன்றில் கூடி நின்றால், அந்தப் பக்கத்துக் கேபிள் ஒன்றே ஏறக்குறைய 750 பவுண்டைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். 7 அடி நீளத்துக்கு 3 அடி உயரம் என்ற உங்கள் சாய்வில் கேபிளின் இழுவிசை சுமார் 1,900 பவுண்டு. அதில் சுவரைப் பின்னோக்கி இழுக்கும் பங்கு மட்டும் 1,750 பவுண்டு. அதே கேபிளை 5 அடி உயரத்தில் கட்டியிருந்தால் இழுவிசை 1,300 பவுண்டாகவும், பின்னோக்கிய இழுப்பு 1,050 பவுண்டாகவும் குறைந்திருக்கும்.

1/4 அங்குல கால்வனைஸ் கேபிள் (7×19 முறுக்கு, அதாவது 19 கம்பிகள் கொண்ட 7 புரிகள்) அறுவதற்கு 7,000 பவுண்டு வேண்டும். ஆட்கள் நிற்கும் இடம் என்பதால் அதில் ஐந்தில் ஒரு பங்கான 1,400 பவுண்டுக்கு மேல் சுமத்தக்கூடாது. ஆகவே உயரத்தை மாற்றினால் இந்தக் கேபிளே போதும்; மாற்றாவிட்டால் எவ்வளவு தடித்த கேபிளும் சுவரைத்தான் பெயர்க்கும். ஐ போல்ட்டைக் கழற்றி, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பீனிக்ஸ்வாசி

மிக்க நன்றி ஐயா. கேபிள் 1/4 அங்குலம்தான். ஐ போல்ட்டைத் திருகியபோது அது சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. பின்னால் நட்டோ தகடோ எதுவும் இல்லை. மெல்லிய பிளைவுட்டில் நேரடியாகத் திருகியிருக்கிறார்கள். அதன் மரை முழுவதும் கறுத்த, ஈரமான மரத்தூள் ஒட்டியிருந்தது. துளையில் விரலை விட்டால் உள்ளே ஃபோம் தட்டுப்படுகிறது.

பட்டறைக்காரர்

நினைத்ததுதான். இழுக்கப்படும் திசையிலேயே திருகு போயிருப்பதால், ஒவ்வொரு முறை ஆள் ஏறும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்திருக்கிறது. அந்த இடைவெளியில் நீர் புகுந்து பிளைவுட்டை ஊறவைத்திருக்கிறது. இதை அடைத்துவிட்டு மீண்டும் அதே இடத்தில் திருகாதீர்கள். சுத்தியலின் பிடியால் சுற்றிலும் தட்டிப் பார்த்து, மெத்தென்று ஒலிக்கும் பகுதி முழுவதையும் வெட்டியெடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு புதுப் பலகை வைக்க வேண்டும்.

புதிய பிடிமானம் வாசலைச் சுற்றியுள்ள உலோகச் சட்டத்தில்தான் அமைய வேண்டும். ஐந்தடி உயரத்தில், சட்டத்துக்கு உள்ளும் புறமும் 1/4 அங்குல எஃகுத் தகடு வைத்து, நான்கு போல்ட்டுகளை முழுவதும் ஊடுருவிச் செலுத்தி, பின்பக்கம் நட் போட்டு முடுக்குங்கள். தகட்டின் அடியில் பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற ஒட்டும் பட்டை) ஒட்டினால் நீர் புகாது. அலுமினியத்தின் மேல் எஃகு நேரடியாக அமர்ந்தால் ஈரம் பட்டு அரிக்கும் என்பதாலும் அந்த டேப் அவசியம். சட்டம் எங்கே ஓடுகிறது என்பது உறுதியாகத் தெரியாவிட்டால் துளையிடவே வேண்டாம்.

சரிவைப் பொறுத்தவரை ஒரு வேடிக்கை. அடிக்கு 1/4 அங்குலம் வீதம் வெளிப்பக்கம் சரிந்தால் நீர் வடிந்துவிடும். 7 அடிக்கு அது ஒன்றே முக்கால் அங்குலம். வலப்பக்கம் பிடி விட்டுத் தாழ்ந்திருக்கும் அளவு கிட்டத்தட்ட இதுதான். எனவே அந்தப் பக்கத்தை மேலே தூக்கிச் சமன் செய்ய நினைக்காமல், டிரெய்லரை முதலில் மட்டம் பார்த்து நிறுத்திவிட்டு, இரு கேபிளிலும் டர்ன்பக்கிள் (திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) வைத்து இரு மூலைகளையும் ஒரே தாழ்வுக்குக் கொண்டுவாருங்கள். ராம்ப் கதவுகள் பலவற்றின் உட்பகுதி மரம்தான். கீலருகே நீர் தேங்கினால் அழுகல் அங்கிருந்தே தொடங்கும்.

குன்றுமேட்டார்

பல ஆண்டுகளாகக் கிளாமிஸுக்குப் போய்வருகிறேன். என் கருத்தில் கேபிளை நம்பி ஆட்களை ஏற்றவே கூடாது. வெளி மூலைகள் இரண்டிலும், உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சதுரக் குழாய் முட்டுக்கால்களை வைத்துவிட்டால் சுமை நேராகத் தரைக்குப் போய்விடும்.

பட்டறைக்காரர்

கெட்டியான தரையில் உங்கள் சொல்லை அப்படியே ஏற்கிறேன். மணலில் முட்டுக்கால் புதையும். அதிலும் இரண்டும் ஒரே அளவில் புதைவதில்லை. எனவே முட்டுக்கால் சுமை தாங்கட்டும், அது இறங்கினால் பிடித்துக்கொள்ளக் கேபிளும் இருக்கட்டும். முட்டுக்காலின் அடியில் இரண்டடிக்கு இரண்டடி தடித்த பிளைவுட் பலகை போடுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. பேட்டியோவில் ஏறும் சுமை சக்கரங்களுக்கு வெகு பின்னால் விழுவதால் டிரெய்லரின் முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். டிரெய்லர் ஆடாமல் தரையில் ஊன்றும் பின்புற ஸ்டெபிலைசர் ஜாக்குகளைப் பலகையின் மேல் ஊன்றிய பிறகுதான் கதவைத் திறந்து முட்டுக்கால்களைப் பொருத்த வேண்டும். முடிந்தால் இழுக்கும் வண்டியையும் கழற்றாமல் விடுங்கள். ஸ்டெபிலைசர் ஆட்டத்தை அடக்குவதற்கே உரியது. அதைக் கொண்டு டிரெய்லரைத் தூக்க முயலக்கூடாது.

குன்றுமேட்டார்

ஒப்புக்கொள்கிறேன். கதவு வேகமாக இறங்குவதற்குக் காரணம் அந்த நிரந்தர வேலியாகத்தான் இருக்க வேண்டும். கீலில் உள்ள ஸ்பிரிங் கதவின் சொந்த எடைக்குச் சமநிலை செய்யப்பட்டது. அதன்மேல் இரும்பு வேலியின் எடையும் ஏறினால் அதனால் தாங்க முடியாது. ஸ்பிரிங்கை முடுக்கிச் சரிசெய்ய நீங்களாக முயலாதீர்கள், முறுக்கேறிய ஸ்பிரிங் கையை முறித்துவிடும். வேலியை அலுமினியத்தில், தளத்தின் ஓரத்தில் பொருத்திய குழிகளில் செருகி எடுக்கும்படி செய்துகொண்டால் கதவைத் திறந்த பிறகு மாட்டி, மூடுமுன் கழற்றிவிடலாம்.

வீட்டு டெக்குகளுக்கான அமெரிக்க விதியில் தளம் 30 அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருந்தால் வேலி 36 அங்குலம் இருக்க வேண்டும். இடைவெளியில் 4 அங்குலப் பந்து நுழையக்கூடாது. டிரெய்லரை அந்த விதி கட்டுப்படுத்தாது என்றாலும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதையே அளவாகக் கொள்வது நல்லது. கேபிள் வெறுமனே சாய்ந்து தொங்குவதை வேலி என்று எண்ணிவிடாதீர்கள்.

பீனிக்ஸ்வாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வேலியை அறுத்தெடுத்துச் செருகும் வகையாக மாற்றவும், ஐந்தடி உயரத்தில் தகடு வைக்கவும் முடிவு செய்துவிட்டோம். அழுகிய பகுதி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று திறந்து பார்த்த பிறகே துளையிடுவோம். புதிய கேபிள் எட்டரை அடிக்கு மேல் வரும் என்பதால், கதவை மூடும்போது அது தொங்கி, கதவோர ரப்பர் சீலில் சிக்காதா என்பது ஒன்றே மீதமுள்ள ஐயம்.

குன்றுமேட்டார்

நிச்சயம் சிக்கும். கதவின் பக்கம் காராபைனர் போன்ற பூட்டுக் கொக்கி வைத்து, மூடுமுன் கேபிளைக் கழற்றி, உள்ளே சுவரோரம் சுருட்டி மாட்டிவிடுங்கள். ஆனால் கேபிளைக் கழற்றும்போது முட்டுக்கால்கள் கதவைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும், மேலே ஒருவரும் நிற்கக்கூடாது.

இன்னொன்று: ஜெனரேட்டரின் புகைக்குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அது பின்புறத்துக்கு அருகில் இருந்தால், கதவு திறந்திருக்கும்போது கார்பன் மோனாக்சைடு எனும் நச்சு வாயு கராஜுக்குள் (வண்டிகளை ஏற்றும் உட்பகுதி) வந்து சேரும். பேட்டியோவில் ஆள் இருக்கும் நேரத்தில் ஜெனரேட்டரை நிறுத்திவிடுங்கள். உள்ளே உள்ள கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் காலாவதித் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.